ஏப்ரல் மாதத்து வெள்ளை

“மாசமெல்லாம் யாரு சார் பாக்கப்போறாங்க?”

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து என்னைப் பார்க்க வந்த இருவரில் ஒருத்தி இப்படிக் கேட்டாள். வீட்டிலிருந்தபடியே விமானம் ஓட்டிப் பழகும் புது மென்பொருள் ஒன்றை மடிக்கணினியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். உலகம் முழுவதையும் செயற்கைக்கோள் படத்திலிருந்து அதுவே உருவாக்கிக்கொள்கிறதாம். எங்கள் மரக்காணத்துக்கே ஓட்டிவந்து, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேலே ஒரு வட்டமடித்து, உப்பளத்தைக் காட்டினார்கள். பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. திரையின் மூலையில் நவம்பர் என்று போட்டிருந்தது. “நவம்பர்ல இங்க ஏதும்மா உப்பு? ஐப்பசி கார்த்திகையில பாத்தி முழுக்கத் தண்ணிதான் நிக்கும்” என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. சிரித்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. மாதத்தைப் பார்க்காமல் விட்ட ஓர் ஆளை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது ஐடிஐயில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன். வானூரில் ஒரு சர்வேயரிடம் பதினைந்து வருடம் வீட்டு வரைபடம் போட்டேன். அந்தப் பதினைந்து வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாஸ்துவுக்காகக் கழிப்பறையை மூலைக்கு மூலை நகர்த்தியதிலேயே பாதி காலம் போய்விட்டது. கையால் வரைகிறவனுக்கு இனிச் சோறு இல்லை என்று தெரிந்ததும் பாண்டிச்சேரியில் மூன்று மாதம் கணினி கற்றுக்கொண்டேன். 2004-இல், முப்பத்தாறு வயதில், மரக்காணத்தில் ஸ்டெல்லா மேடத்தின் வீட்டு முன்னறையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே என்ன வேலை என்று என் மனைவிக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. விமானம் ஓட்டும் மென்பொருளில் அப்போதெல்லாம் பெரிய ஊர்களைத் தவிர மற்ற விமான நிலையங்கள் வெறும் ஓடுபாதையும் ஒரு பெட்டிக் கட்டடமுமாகத்தான் இருக்கும். தங்கள் ஊர் விமான நிலையம் அச்சு அசலாக வேண்டும் என்கிறவர்களுக்குத் தனியாகச் செய்து விற்பார்கள். கட்டடம், விளக்குக் கம்பம், தரையில் போட்ட மஞ்சள் கோடு, வேலி, மரம் எல்லாம் அதில் இருக்கும். வெளிநாட்டில் ஒருவர் அதை விற்றார். செய்து கொடுத்தது நாங்கள். “இல்லாத பிளேனுக்கு இல்லாத ஏர்போர்ட் கட்டுறீங்களா?” என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன்.

மேடம் அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். ஒரு பெரிய விமான நிலையத்தில், தரை விளக்குகளுக்கு வரைபடம் போடும் பிரிவில் இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தவர். ஐந்து கணினிகள், ஒரு பிரிண்டர், மின்சாரம் போனால் கால் மணி நேரம் தாங்கும் பேட்டரி. உப்புக் காற்று எல்லாவற்றையும் தின்றுவிடும் என்பதால் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை கணினிகளின் பின்பக்கத்தைக் கழற்றித் துணியால் துடைப்போம். மேடமும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து துடைப்பார்.

அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மரியாதைதான் உயரும். “தண்டபாணி, இதைப் பாரு” என்றால் எல்லாம் நலம். “தண்டபாணி, கொஞ்சம் இப்படி வர்றீங்களா” என்றால் எங்கோ தப்பு செய்திருக்கிறோம் என்று அர்த்தம். சேர்ந்த இரண்டாவது வாரமே எனக்கு அந்த மரியாதை கிடைத்தது. பனி பெய்யும் ஒரு நாட்டின் விமான நிலையத்தில் தீயணைப்புக் கட்டடத்தை வரைந்திருந்தேன். புகைப்படத்தில் கூரை தெரியவில்லை. மொட்டை மாடி வெறுமையாக இருக்கிறதே என்று நானே ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை வைத்துவிட்டேன்.

“இது என்னங்க?”

“தண்ணித் தொட்டி மேடம்.”

“பாத்தீங்களா, நெனச்சீங்களா?”

“எல்லா வீட்லயும் இருக்குமே மேடம்...”

“தண்ணி ஐஸாப் போற ஊர்லயும் மாடில தொட்டி வைப்பாங்களா?”

அன்றுதான் அவருடைய தாளை எனக்குக் காட்டினார். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு கோப்பு. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி. புகைப்பட எண், வரைந்தவர் பெயர், கடைசிக் கட்டத்தில் ‘பார்த்தேன்’ அல்லது ‘நினைத்தேன்’, அதன் பக்கத்தில் கையெழுத்து. ‘நினைத்தேன்’ என்று எழுதினால் குற்றமில்லை. அந்தப் பொருள் சாம்பல் நிறத்தில் நிற்கும். அந்த ஊர்க்காரருக்கு மின்னஞ்சல் போகும். புகைப்படம் வந்த பிறகுதான் நிறம் ஏறும். “தெரியலைன்னு கிரே கலர்ல விட்டா யாரும் சாகமாட்டாங்க” என்பார். அவருடைய பழைய வேலையில் எவரோ இல்லாத ஒரு விளக்கை வரைபடத்தில் போட்டு வைக்க, அதைத் தேடி இரண்டு எலக்ட்ரீஷியன்கள் கொளுத்தும் வெயிலில் அரை நாள் மண்ணைத் தோண்டினார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் சிவக்கும்.

நான் அந்தத் தாளுக்குச் சீக்கிரம் பழகினேன். ஒரு வருடத்தில், “தண்டபாணி பாத்தேன்னு எழுதிட்டா நான் போட்டோவை எடுத்துப் பாக்கறதில்ல” என்று மேடமே எல்லோருக்கும் முன்னால் சொல்லும் நிலைக்கு வந்தேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிள் தானாகவே ஓடியது.

2005-இன் தொடக்கத்தில் ஒரு தீவு விமான நிலையம் வந்தது. ஐரோப்பாவுக்குத் தெற்கே, சின்னத் தீவு. மேலிருந்து எடுத்த படத்தில் ஓடுபாதைக்கு ஒட்டினாற்போல் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது. மீன் பண்ணை என்றார் மேடம். வயலாக இருக்கும் என்றார் இன்னொருவர். நான் ஒரு பார்வைதான் பார்த்தேன். “உப்பளம் மேடம்.” வரப்பு போகும் விதம், கடல் தண்ணீர் ஏறும் வாய்க்கால், பெரிய தேக்கத்திலிருந்து சின்னப் பாத்திக்குத் தண்ணீர் இறங்கும் வரிசை எல்லாவற்றையும் விரலால் தொட்டுக் காட்டினேன். என் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். நானும் பள்ளி விடுமுறைகளில் உப்பு வாரியவன். காலில் வெடிப்பு இன்னும் இருக்கிறது. உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் உப்பளத்தைப் பற்றி எனக்கு எவர் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணம் அந்த நிமிடமே தலைக்கு ஏறிவிட்டது.

அந்த மென்பொருளில் காலத்துக்கு ஏற்றபடி தரையின் நிறம் மாற வேண்டும். கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம், வசந்தம் என்று நான்கு வகைப் படம் செய்ய வேண்டும். அந்த ஊரிலிருந்து வந்த புகைப்படங்களெல்லாம் ஆகஸ்டில் எடுத்தவை. பாத்தியெல்லாம் வெள்ளை. சுற்றுலா போகிறவர்கள் அப்போதுதான் போகிறார்கள். கோடைக்கு அவை போதும். மற்றவற்றுக்குப் படம் கேட்டு எழுதினோம். இலையுதிர் காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் ஒன்றிரண்டு வந்தன. வசந்தத்துக்கு, அதாவது மார்ச், ஏப்ரலுக்கு, எதுவும் வரவில்லை. இரண்டு வாரம் பார்த்தேன். பிறகு ஒரு சித்திரை மாதக் காலையில் அலுவலக கேமராவை எடுத்துக்கொண்டு நம்மூர் உப்பளத்துக்கே சைக்கிளில் போனேன். மூட்டை ஏற்ற நின்ற ஒரு லாரியின் மேல் ஏறி நின்றேன். டிரைவர் கீழேயிருந்து, “இன்னா சார், சினிமா ஷூட்டிங்கா?” என்றார். கண் கூசும் வெள்ளை. எண்பது படம் எடுத்தேன். அதை வெட்டி, ஒட்டி, அந்தத் தீவின் பாத்திகளுக்குள் பொருத்தினேன். வேலை அவ்வளவு அழகாக வந்தது.

தாளில் கடைசிக் கட்டம் வந்தபோது பேனா ஒரு நொடி நின்றது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பார்த்தது உண்மைதானே, இந்தக் கண்ணால்தானே பார்த்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கே பார்த்தாய் என்று கேட்க அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

அமலா அந்த ஜூனில் சேர்ந்தாள். எக்கியார்குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். பாண்டிச்சேரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்திருந்தாள். என் பக்கத்து நாற்காலிதான். முதல் நாளிலிருந்தே என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் மீன் குழம்பில் பாதி எனக்கு வந்துவிடும். “சனிக்கிழமை மட்டும் ஏன்ண்ணா தப்பிச்சிக்கறீங்க?” என்று கேலி செய்வாள். பெருமாளுக்கு விரதம் என்றால் சிரிப்பாள். எங்கள் எல்லோருடைய வேலையையும் சேர்த்துக் கடைசி சிடியை உருவாக்குவது, அந்தத் தீவினுடையது உட்பட, அவள் பொறுப்பானது. ஒவ்வொரு காலத்துப் படத்துக்கும் கோப்புப் பெயரின் முடிவில் ஓர் எழுத்து உண்டு. அந்த எழுத்து மாறினால் ஜூன் மாதத்தில் பனி கொட்டும். அவள் ஒருமுறைகூட மாற்றியதில்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். “வேலை பர்மனென்ட் ஆனா ரெண்டு வருஷம் பேசமாட்டேன்னு அப்பா சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் ஒரு தப்பு வரக்கூடாதுண்ணா” என்று ஒரு நாள் சொன்னாள். மேடம் அவளுக்கு ஒரு வருடக் கெடு வைத்திருந்தார்.

அந்தக் கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்போது, 2006 மே மாதத்தில், ஒரு மின்னஞ்சல் வந்தது. மேடம் அதை அச்செடுத்து, எங்களை எழுந்து நிற்கச் சொல்லாமல், உட்கார்ந்தபடியே தமிழில் சொல்லிக்கொண்டு போனார்.

எழுதியவர் ஒரு பெண் பல் மருத்துவர். ஐம்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர். முதல்முறையாக ஆசிரியர் இல்லாமல் தனியாக அந்தத் தீவுக்கு ஓட்டிப்போக வேண்டியிருந்தது. அதற்காக எங்கள் விமான நிலையத்தை வாங்கி வீட்டில் பலமுறை பழகியிருக்கிறார். கடலிலிருந்து வரும்போது வெள்ளைக் கட்டங்கள் தெரிந்ததும் இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்று மனதில் பதித்துக்கொண்டார். ஏப்ரலில் நிஜமாகவே போனார். வெள்ளையைத் தேடினார். அங்கே வெள்ளை இல்லை. கறுத்த தண்ணீர்தான் இருந்தது. பக்கத்துக் காயலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. திரும்பாமல் தேடிக்கொண்டே நேராகப் போனவர், கிளம்பி ஏறிக்கொண்டிருந்த ஒரு பெரிய விமானத்தின் பாதைக்குள் நுழைந்துவிட்டார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து கத்தித் திருப்பினார்கள். எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இறங்கிய பிறகு ஒரு மணி நேரம் அவரால் இருக்கையிலிருந்து எழ முடியவில்லையாம்.

கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: ‘இது விளையாட்டுக்கு மட்டும் என்று உங்கள் பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. அதை நம்பிப் போனது என் தவறு. உங்கள் மேல் புகார் இல்லை. அந்த வெள்ளையை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று மட்டும் தெரிய வேண்டும்.’

நாங்கள் இருந்த அறையிலிருந்து அந்த வெள்ளை இரண்டு கிலோமீட்டர் தூரம். நம்மூரில் மழை ஐப்பசியோடு வந்து மார்கழியில் ஓய்ந்துவிடும். தையில் பாத்தியைச் சீர் செய்து, பங்குனி, சித்திரையில் உப்பு பூத்துவிடும். அந்த ஊரில் மழை குளிர் முழுக்கப் பெய்து வசந்தம் வரை இழுக்கும். அவர்கள் கோடையின் முடிவில் ஒரே ஒரு முறைதான் வாருகிறார்கள். ஏப்ரலில் பாத்தி நிறையத் தண்ணீர்தான் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ள இன்னொரு மின்னஞ்சல் போதும். உப்பளமே தெரியாத ஒருவன் என்றால் அதை எழுதிக் கேட்டிருப்பான். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

மேடம் கோப்பை எடுத்துத் தாளைப் புரட்டினார். “வசந்தம், உப்பளம். தண்டபாணி பாத்தேன்னு எழுதியிருக்கார். அப்ப படம் சரி.” தாளை மூடினார். “அமலா, கொஞ்சம் இப்படி வர்றீங்களா?”

அவள் போய் நின்றாள்.

“சம்மர் படத்துக்கு ஸ்பிரிங் எழுத்தைப் போட்டுட்டீங்களா?”

“இல்ல மேடம். நான் மாத்தல.”

“அப்ப படம் தானா மாறிக்கிச்சா?”

“எனக்குத் தெரியல மேடம். ஆனா நான் செக் பண்ணித்தான் போட்டேன்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்றுதான் பார்த்தாள். நான் திரையில் ஒரு வேலிக் கம்பத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்தக் கம்பம் கண்ணில் நிற்கிறது.

அன்றே சிடி வேலை அவளிடமிருந்து போனது. மரங்களை வெட்டி ஒட்டும் வேலையைக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் எங்களுக்கு முன்னால் வந்து பழைய சிடிக்களைப் போட்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள். நான் வயிறு சரியில்லை என்றேன். சனிக்கிழமை வரை வந்தாள். திங்கட்கிழமை வரவில்லை.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். மேடம் தனியாக இருக்கட்டும், மின்சாரம் வரட்டும், டீ வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். எனக்கு வேலை போய்விடும் என்ற பயம்கூடப் பெரிதாக இல்லை. ‘தண்டபாணி எழுதிவிட்டால் பார்க்க வேண்டியதில்லை’ என்று சொன்னாரே, அந்த வாக்கை இழக்கத்தான் மனம் வரவில்லை. இப்படி ஓர் அற்பத்துக்காக ஒரு பெண்ணின் பெயரைத் தெருவில் விட்டேன் என்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. எட்டாம் நாள் காலையில்தான் மேடத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

“அந்த வெள்ளை இந்த ஊர் வெள்ளை மேடம். நான்தான் நம்ம உப்பளத்துல போய் எடுத்துட்டு வந்தேன்.”

அவர் கோப்பை எடுத்து அந்த வரியில் விரலை வைத்தார்.

“நீங்க எழுதினது பொய்கூட இல்லைங்க. பொய்யா இருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேன்.”

“தப்புதான் மேடம்.”

“எத்தனை நாளாச்சுங்க லெட்டர் வந்து?”

“எட்டு நாள்.”

“எக்கியார்குப்பம் ஷேர் ஆட்டோல பத்து நிமிஷம். எட்டு நாளைக்கு அப்புறம் வந்து என்கிட்ட சொல்றீங்க. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? எந்திரிங்க, போலாம்.” செருப்பைத் தேடிக்கொண்டே, “கேக்கக் கூடாதவள கேட்டது நான். நானும் வர்றேன்” என்றார்.

அமலாவின் வீட்டு வாசலில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். அவள் அம்மா டீ கொடுத்தார். அப்பா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். மேடம் டீயைத் தொடவில்லை. நேராகவே சொன்னார்.

“அமலா, உன் மேல தப்பில்ல. படமே தப்பு. நான் பாக்காமயே உன்னைக் கேட்டுட்டேன். அது என் தப்பு. மன்னிச்சிடும்மா.”

“தெரியும் மேடம்.”

“என்ன தெரியும்?”

“மறுநாளே ஒரிஜினல் படத்தைப் பாத்தேன். ஓரத்துல ஒரு பனைமர நிழல் இருக்குது. அழிக்காம வுட்டிருக்காங்க. அந்த ஊர்ல ஏது மேடம் பனைமரம்?”

நான் எண்பது படத்தையும் துருவித் துருவிப் பார்த்து வெட்டியவன். அந்த நிழல் என் கண்ணில் படவே இல்லை. பிறந்ததிலிருந்து அந்த நிழலில் நடந்தவனுக்கு அது படத்தில் தனியாகத் தெரியவில்லை போலும்.

“தெரிஞ்சுதான் இருந்தியா? அப்புறம் ஏம்மா என்கிட்ட சொல்லல?” என்றார் மேடம்.

அமலா என்னைப் பார்க்காமல் பதில் சொன்னாள். “நாலு நாள் பக்கத்துலதான் மேடம் உக்காந்திருந்தேன். அவரே சொல்லிடுவாருன்னு இருந்தேன்.”

நான் எழுந்து, என்னை மன்னித்துவிடு என்றேன். அவளும் எழுந்துகொண்டாள். “பரவால்ல” என்றாள். குரலில் கோபமில்லை. அழுதிருந்தால், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மேடம் அப்போதே அவள் அப்பாவிடம் வேலை நிரந்தரம் என்று சொன்னார். அந்த மனிதர் தலையாட்டினார். கடைசி சிடியும் இனி அவளுடையதுதான் என்றும் முடிவானது.

பல் மருத்துவருக்கு மேடம் உண்மையை அப்படியே எழுதினார். எங்கள் ஊரில் உப்பளம் இருக்கிறது, அங்கே ஏப்ரலில் வெள்ளையாக இருக்கும், அதைத்தான் எடுத்தோம் என்று. கீழே என் பெயரையும் தன் பெயரையும் போட்டார். அடுத்த வசந்தத்தில் அந்த அம்மாள் மறுபடியும் அங்கே ஓட்டிப்போய், மேலிருந்து எடுத்த முப்பது படங்களை அனுப்பி வைத்தார். கறுத்த பச்சைத் தண்ணீர், நடுவே மெல்லிய வரப்பு. அதை வைத்துப் புதுப் படம் செய்தது அமலா. தாளில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

அந்த முன்னறை பிறகு அடுக்குமாடி வீடுகளுக்கு மாதிரிப் படம் செய்யும் அலுவலகமாக வளர்ந்தது. மேடம் ஓய்ந்த பிறகு அமலாதான் அதை நடத்தினாள். போன வருடம் நான் ஓய்வு பெறும் வரை அவளுக்குக் கீழேதான் வேலை பார்த்தேன். ஒரு நாளும் என் மனம் நோக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போனோம். என் மகளுக்குக் கல்லூரியில் இடம் வாங்க அவள்தான் அலைந்தாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவள் திரும்பி வந்த திங்கட்கிழமையைப் பற்றி. நாங்கள் வீட்டுக்குப் போய் வந்ததற்கு அடுத்த வாரம் அவள் வேலைக்கு வந்தாள். நான் அவளுக்கு முன்பே வந்து, அவள் நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டு, என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தவள் பையை வைத்துவிட்டு, சாதாரணமாக, சிரித்த முகத்தோடு, “குட் மார்னிங் சார்” என்றாள்.

வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.